பெருமூளை வாதம் என்றால் என்ன? வீட்டாருக்கும் அயலாருக்கும் ஓர் எளிய விளக்கம்

மட்டக்களப்பிலோ கல்முனைப் பக்கமோ, கை கால் விறைத்து, தலை நிற்காமல், வாயோரம் எச்சில் வடிய இருக்கும் ஒரு பிள்ளையைப் பற்றிப் பேச்சு வந்தால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ஒருவர் போலியோ என்பார். இன்னொருவர், பிள்ளை வயிற்றில் இருக்கும்போது தாய் கிரகணத்தில் வெளியே வந்தாள் என்பார். கண்ணூறு, பேய்க்குப் பயந்தது, யாரோ செய்த செய்வினை, பிரசவம் பார்த்தவர்கள் விட்ட பிழை என்று பட்டியல் நீளும். எங்கே தொடங்கினாலும் பேச்சு கடைசியில் தாயிடம் வந்து நிற்கும்: அவள் என்ன செய்தாள்?

இப்படியான பிள்ளைகளில் பலருக்கு இருப்பது பெருமூளை வாதம். ஆங்கிலத்தில் ‘செரிபிரல் பால்சி’, கிளினிக்கில் சுருக்கமாக ‘சீ.பி.’ என்பார்கள். பிள்ளைப் பருவத்தில் உடல் அசைவைப் பாதிக்கும் குறைபாடுகளில் உலகெங்கும் அதிகம் காணப்படுவது இதுதான். 1000 பிள்ளைகள் பிறந்தால் 2 அல்லது 3 பேருக்கு இது இருக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஒவ்வொரு ஊரிலும் இப்படி ஒரு வீடாவது இருக்கும். ஆனால் அது என்ன, ஏன் வந்தது, இனி என்ன செய்யலாம் என்று அந்த வீட்டாருக்கு ஆறுதலாக உட்கார்ந்து விளக்கியவர்கள் குறைவு.

போலியோவை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி பதிவானது 1993இல். அதோடு, போலியோ கை காலைத் துவளவைக்கும். பெருமூளை வாதம் பெரும்பாலும் விறைக்கவைக்கும். இரண்டும் வேறு வேறு.

துருசும் வயலும்

உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரில் வேளாண்மை செய்பவர்களுக்கு இதை விளக்குவது லேசு. குளத்தில் தண்ணீர் இருக்கிறது. வயலும் நல்ல மண். எப்போது எவ்வளவு தண்ணீர் இறங்கவேண்டும், எப்போது மறிக்கவேண்டும் என்பதெல்லாம் துருசில், அதாவது குளத்து மதகில், இருக்கிறது. அந்தத் துருசுக் கதவு பழுதாகிச் சரியாக மூடாமல் போனால் வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். சில வரவைகள் மூழ்கும், சிலவற்றுக்கு எட்டாது. வயலைப் பார்க்க வருகிறவர் “மண் சரியில்லை” என்பார். மண்ணில் ஒரு பிழையும் இல்லை.

பெருமூளை வாதத்தில் மூளைதான் துருசு. நரம்புகள் வாய்க்கால். தசைகள் வயல். பிள்ளையின் கை காலில் நோய் இல்லை. அவற்றுக்கு வந்து சேரும் கட்டளை ஒழுங்காக இல்லை. அதனால்தான் காலுக்கு எண்ணெய் தேய்ப்பதால் மட்டும் இது தீர்வதில்லை. எண்ணெய் தேய்ப்பதில் தீங்கில்லை, பிள்ளைக்குச் சுகமாகவும் இருக்கலாம். தேய்க்கும் சாக்கில் விறைத்த காலைப் பிடித்து இழுத்து நிமிர்த்துவதுதான் ஆபத்து.

உடலுக்குள் உண்மையில் நடப்பது

சும்மா இருக்கும்போதும் நம் தசைகள் முழுக்கத் தளர்ந்து விடுவதில்லை. ஒரு சிறு இறுக்கம் எப்போதும் இருக்கும். அதனால்தான் உட்கார்ந்திருக்கும்போது சரிந்து விழாமல் இருக்கிறோம். இதற்குத் தசைத்தொனி என்று பெயர்.

ஒரு தசையைத் திடீரென்று இழுத்தால், மூளையைக் கேட்காமலே முள்ளந்தண்டு நரம்பு அதைச் சுருங்கச் சொல்லும். வைத்தியர் முழங்காலில் சிறு சுத்தியலால் தட்டியதும் கால் துள்ளுகிறதே, அது இதுதான். சாதாரணமாக மூளை மேலிருந்து “போதும், அடங்கு” என்று ஓயாமல் செய்தி அனுப்பி இந்தத் துள்ளலைக் கட்டுக்குள் வைத்திருக்கும். அந்தச் செய்தி புறப்படும் மூளைப் பகுதியிலோ அது வரும் வழியிலோ சேதம் இருந்தால், அடக்கும் கட்டளை கீழே போய்ச் சேராது. தசை அளவுக்கு மீறிச் சுருங்கும், விட மறுக்கும். இதைத்தான் விறைப்பு என்கிறோம்.

இன்னொன்றும் நடக்கிறது. முழங்கையை மடக்கும்போது முன்தசை சுருங்கவேண்டும், பின்தசை விட்டுக்கொடுக்கவேண்டும். இந்த ஒழுங்கையும் மூளைதான் பார்க்கிறது. அது குழம்பினால் இரண்டு தசைகளும் ஒரே நேரத்தில் இழுக்கும். கோப்பையை எடுக்க நீளும் கை பாதியில் நின்று நடுங்கும். பார்க்கிறவர் “சோம்பல்” என்கிறார். உண்மையில் அந்தப் பிள்ளை தன் சொந்தத் தசையோடு மல்லுக்கட்டுகிறது. நாம் ஒரு கோப்பையைத் தூக்கச் செலவிடும் சக்தியை விடப் பல மடங்கு அதற்குச் செலவாகிறது. பயம், கோபம், ஏன் சந்தோஷம்கூட விறைப்பைக் கூட்டும். “கையைத் தளர்த்து!” என்று அதட்டினால் கை இன்னும் இறுகும்.

பெருமூளை வாதம் உள்ளவர்களில் 10க்கு 8 பேர் அளவில் இந்த விறைப்பு வகையைச் சேர்ந்தவர்கள். வேறு சிலருக்குக் கை, கால், முகம் தாமாக நெளியும், முறுகும். மிகச் சிலருக்குச் சமநிலை கிடைக்காமல் தள்ளாட்டம் இருக்கும். பாதிக்கப்படும் இடமும் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருக்கு ஒரு பக்கக் கையும் காலும், இன்னொருவருக்குப் பெரும்பாலும் கால்கள் மட்டும், மற்றொருவருக்கு உடல் முழுவதும். ஆகவே, வாழைச்சேனையில் ஒரு பிள்ளை ஊன்றுகோலோடு நடக்கிறது என்பதற்காக அக்கரைப்பற்றில் இருக்கும் பிள்ளையும் நடந்துவிடும் என்று சொல்லமுடியாது. நடக்கவில்லை என்பதால் அந்தத் தாய் கவனிக்கவில்லை என்றும் சொல்லமுடியாது.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: சேதம் மூளையில், அது தெரிவது தசையில். தசை சுருங்குவதை அடக்கும் கட்டளை சரியாக வராததால் விறைப்பு வருகிறது. பிள்ளையின் பிடிவாதத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

எப்போது, எதனால்?

மூளை வளர்ந்துகொண்டிருக்கும் காலத்தில், அதாவது வயிற்றில் இருக்கும்போதோ, பிறக்கும் நேரத்திலோ, பிறந்து முதல் ஓரிரு வருடங்களுக்குள்ளோ, அதற்கு ஏற்படும் சேதம்தான் பெருமூளை வாதமாகிறது. மாதம் தவறிப் பிறத்தல், நிறை மிகக் குறைவாகப் பிறத்தல், கர்ப்பகாலத்தில் தாய்க்கு வந்த சில தொற்றுகள், பிறப்பின்போது மூளைக்கு ஒட்சிசன் போதாமல் போவது, பிறந்தபின் வரும் மூளைக்காய்ச்சல் ஆகியவை தெரிந்த காரணங்களில் முக்கியமானவை. சிலரில் மரபணுக் காரணமும் கண்டறியப்படுகிறது. பலரில் இதுதான் என்று ஒரு காரணத்தைக் கைநீட்டிச் சொல்ல முடிவதில்லை.

பிரசவத்தில் ஏற்பட்ட கோளாறால்தான் எல்லாம் வந்தது என்ற எண்ணம் இன்று நேற்று வந்ததல்ல. 1860களின் தொடக்கத்தில் வில்லியம் ஜோன் லிட்டில் என்ற ஆங்கிலேய வைத்தியர் கடினமான பிரசவத்தையும் இந்த விறைப்பையும் தொடர்புபடுத்தி எழுதினார். உளப்பகுப்பாய்வால் பிற்பாடு பெயர் பெற்ற சிக்மண்ட் ஃப்ராய்ட் அதற்கு முன் நரம்பு வைத்தியராக இருந்தவர். அவர் 1897இல் இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டார்: கருவிலேயே ஏதோ கோளாறு இருந்ததால்தான் பிரசவமும் சிக்கலாகியிருக்கலாமே என்று கேட்டார். அவர் பேச்சை அப்போது பெரிதாக யாரும் எடுக்கவில்லை. பின்னால் வந்த ஆய்வுகள், பிறப்பின்போது மூச்சு முட்டியதுதான் காரணம் என்று சொல்லக்கூடியவர்கள் மொத்தத்தில் ஒரு சிறு பகுதியினரே என்று காட்டின.

தடுக்கக்கூடிய காரணம் ஒன்றைத் தனியாகச் சொல்லவேண்டும். பிறந்த பிள்ளைக்கு வரும் மஞ்சள் நிறம் பெரும்பாலும் தானாக வடியும். ஆனால் அளவுக்கு மீறி ஏறினால் அது மூளையின் ஆழமான பகுதிகளைத் தாக்கும். கை கால் தாமாக நெளியும் வகைப் பெருமூளை வாதம் இப்படியும் வருகிறது. காலை வெயிலில் பிடித்தால் போதும் என்று வீட்டில் நாட்களைக் கடத்தவேண்டாம். உள்ளங்கால் வரை மஞ்சள் இறங்கினால், அல்லது பிள்ளை பால் குடிக்காமல் தூங்கி வழிந்தால், அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அங்கே நீல வெளிச்சத்தின் கீழ் வைத்துக் குறைப்பார்கள்.

சரி, கிரகணம்? செய்வினை? எதுவும் இல்லை. இது தொற்றாது. ஒரே கோப்பையில் குடித்தாலும் வராது. அக்காவுக்கு வரன் பார்க்கும்போது “அந்த வீட்டில் ஒரு பிள்ளை இப்படி” என்று பின்வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலானோரில் இது பரம்பரையாக வருவதே இல்லை. கோயிலில் நூல் கட்டுவதையோ பள்ளிவாசலில் தண்ணீர் ஓதிக் கொடுப்பதையோ நிறுத்தச் சொல்லி நான் எழுதவில்லை. மனம் ஆறுகிறதென்றால் செய்யுங்கள். அதற்காகக் கிளினிக் தவணையைத் தவறவிடாமல் இருந்தால் சரி.

மூளையில் மாறாது, உடலில் மாறும்

இந்தக் கட்டுரையில் ஒரேயொரு பகுதியைத்தான் வாசிக்க நேரமிருக்கிறதென்றால் இதை வாசியுங்கள்.

பெருமூளை வாதத்தில் மூளைச்சேதம் கூடுவதில்லை, குறைவதுமில்லை. நடந்தது நடந்ததுதான். ஆனால் பெற்றோர் கண்ணால் காண்பது வேறு. “சின்னதில் காலை மடக்கி நீட்டலாம், இப்போது பத்து வயது, கால் நிமிர்வதே இல்லை. வருத்தம் கூடுகிறதே?” என்று கேட்கிறார்கள்.

கூடுவது வருத்தமில்லை. எலும்பு நீளும்போது தசையும் கூட நீளவேண்டும். ஓடி ஆடி இழுபடும்போதுதான் தசை நீளும். நாள் முழுக்கச் சுருங்கியே இருக்கும் தசை எலும்பின் வேகத்துக்கு நீளாது. கொஞ்சம் கொஞ்சமாக அது கட்டையாகிவிடும். முன்னர் விறைப்பாக இருந்தது, பிறகு உண்மையிலேயே நீளம் போதாத தசையாகிவிடுகிறது. இதற்குத் தசைச்சுருக்கம் என்று பெயர். குதிகால் நிலத்தில் படாமல் போவதும், முழங்கால் நிமிராததும் இதனால்தான். இடுப்பு மூட்டுக்கும் இதே கதிதான். மூன்றில் ஒரு பிள்ளைக்கு அது தன் குழியிலிருந்து விலகத் தொடங்கலாம். துருசு பழுதான வயலில் பல போகம் தண்ணீர் தேங்கியே நின்றால் நல்ல மண்ணும் கெடுகிற மாதிரித்தான்.

துருசைத் திருத்த இன்று யாராலும் முடியாது. வரம்பு கட்டுவதும் வடிகால் வெட்டுவதும் நம் கையில் இருக்கிறது. இயன்மருத்துவம், அதாவது ஃபிசியோதெரபி, செய்வது அதைத்தான். அதைக் கரண்ட் பிடிக்கும் வைத்தியம் என்று நினைத்து, “பத்துத் தரம் கொண்டு போனோம், ஒரு மாற்றமும் இல்லை” என்று விட்டவர்கள் உண்டு. மாதத்தில் ஒரு நாள், அரை மணி நேரம் ஆஸ்பத்திரியில் செய்யும் பயிற்சி தசையை நீட்டிவிடாது. அங்கே உண்மையில் பயிற்சி பெறுவது தாய்தான். பிள்ளையை எப்படித் தூக்குவது, எப்படி இருத்துவது, எந்தப் பக்கம் படுக்கவைப்பது என்று கற்றுக்கொண்டு வந்து மிச்ச நாளெல்லாம் வீட்டில் செய்தால்தான் பலன்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருப்பவர்களுக்கு இது இன்னும் பெரிய விசயம். மண்முனைப் பாலம் 2014இல் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கத்தார் வாவியைக் கடக்கப் பாதைப் படகுக்குக் காத்து நிற்கத் தேவையில்லை. ஆனாலும் வெல்லாவெளியின் உட்புறத்திலிருந்தோ வாகரைப் பக்கத்திலிருந்தோ விறைத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் மாறி மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு வந்து போவதென்றால் ஒரு நாள் போய்விடும், தகப்பனின் கூலியும் போய்விடும். அடிக்கடி வரமுடியாத நிலை என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லி, “வீட்டில் செய்ய என்னவெல்லாம் காட்டித் தருவீர்கள்?” என்று கேளுங்கள். செய்து காட்டும்போது கைபேசியில் வீடியோ எடுக்கலாமா என்றும் கேளுங்கள். வீட்டிலிருக்கும் அம்மம்மாவுக்கு அதைப் போட்டுக் காட்டலாம்.

கால் இரண்டும் கத்தரிக்கோலாகப் பின்னும் பிள்ளையைத் தொட்டில் பிள்ளையாகக் கைகளில் கிடத்தித் தூக்காமல், நம் பெண்கள் பழக்கமாகச் செய்கிற மாதிரி இடுப்பில் கால் விரித்து வைத்துத் தூக்கினால் கால்கள் பிரிந்து நிற்கும், தலையும் நிமிரும். பிள்ளை நாலு பக்கமும் பார்க்கும். இருத்தும்போது இடுப்பு கதிரையின் பின்பக்கம் ஒட்டியிருக்கவேண்டும், முழங்கால் மடிந்திருக்கவேண்டும், பாதம் எதிலாவது பதிந்திருக்கவேண்டும். கால் தொங்கினால் உடல் முழுக்க விறைக்கும். சாதாரணப் பிளாஸ்டிக் கதிரையில் ஒரு பலகை, சுருட்டிய துவாய், அகலப் பட்டி வைத்து ஊர்த் தச்சரே இதைச் செய்து தரலாம். அளவு மட்டும் இயன்மருத்துவர் சொன்னபடி இருக்கட்டும். நாள் முழுக்க மல்லாக்கப் படுத்திருக்கும் பிள்ளைக்குக் கூரைதான் உலகம்.

சுருக்கமாக: மூளைச்சேதம் அப்படியே நிற்கும். தசையும் எலும்பும் நாம் வைத்திருக்கும் விதத்தில் மாறும். அதனால் பயிற்சி என்பது வீட்டு வேலை.

ஊட்டுவதில் கவனம்

விழுங்குவதும் தசை வேலைதான். பிள்ளையை மடியில் மல்லாக்கப் போட்டு, தலையைப் பின்னால் சாய்த்து, வாயில் ஊற்றினால் உணவு சுவாசக்குழாய்க்குள் போகலாம். அடிக்கடி சளி, நெஞ்சுக்காய்ச்சல், சாப்பிட்டதும் குரல் ஈரமாகக் கரகரப்பது என்றால் அதைச் சந்தேகிக்கவேண்டும். முதுகை நிமிர்த்தி இருத்தி, நாடி சற்றுக் கீழே பார்க்க, கரண்டியை முன்னாலிருந்து கொண்டுபோய், ஒரு வாய் இறங்கிய பிறகு அடுத்ததைக் கொடுங்கள். பலருக்கு ஆணத்தோடு நன்றாகக் குழைத்த கட்டியான சோறு லேசாக இறங்கும். தேத்தண்ணி, தண்ணீர் போன்றவைதான் புரையேறும். ஒரு நேரச் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கலாம். மருமகள் இதிலேயே பொழுதைக் கழிக்கிறாள் என்று குறை சொல்கிறவர்கள் ஒரு நேரம் ஊட்டிப் பார்க்கட்டும்.

பேச்சு வராத பிள்ளைக்கு விளங்காதா?

பெருமூளை வாதம் உள்ளவர்களில் நாலில் ஒருவருக்குப் பேச்சு வராது. ஏறத்தாழ பாதிப் பேருக்கு அறிவுவளர்ச்சியிலும் குறைபாடு இருக்கும். அப்படியென்றால் மற்றப் பாதிப் பேருக்கு அது இல்லை. பேச வேண்டுமென்றால் நாக்கு, உதடு, தொண்டை, மூச்சு எல்லாவற்றின் தசைகளும் ஒழுங்காக வேலை செய்யவேண்டும். தசை சொல்வழி கேட்காததால் பேச்சு வராமல் இருக்கும் ஒரு பிள்ளை, வீட்டுக்கு வந்தவர் “இது இனி எதுக்கு” என்று சொல்வதை வரிக்கு வரி விளங்கிக்கொண்டு கிடக்கலாம்.

வெளிப்படுத்தப் பேச்சு ஒன்றுதான் வழி என்றில்லை. மேலே பார்த்தால் ஆம், கண்ணை மூடினால் இல்லை என்று தொடங்கலாம். பிறகு ஒரு மட்டையில் தண்ணீர், சோறு, வலி, மூத்திரம், வெளியே போவோம் என்று நாலைந்து படம் ஒட்டி, பிள்ளை எதைப் பார்க்கிறது என்று கவனிக்கலாம். இதைப் படப்பலகை என்கிறார்கள். படம் காட்டிப் பழக்கினால் பேச்சு வராமலே போய்விடும் என்று பெற்றோர் பயப்படுவார்கள். அப்படி இல்லை, பேசக்கூடிய பிள்ளைக்கு அது பேச்சைத் தடுப்பதில்லை. முக்கியமானது, கேட்டுவிட்டுக் காத்திருப்பது. கண் திரும்ப நேரமெடுக்கும். நாம் அவசரப்பட்டு நாமே பதிலும் சொல்லிவிடுகிறோம்.

‘வலி’ என்ற படத்தை மறக்கவேண்டாம். நாலில் மூன்று பேருக்கு உடல் வலி இருக்கிறது. இரவிரவாக அழும் பிள்ளைக்கு அடம் என்று பேர் வைக்கும் முன் இடுப்பை வைத்தியரிடம் காட்டுங்கள்.

நாலில் ஒருவருக்கு வலிப்பும் வரும். வந்தால் ஒருக்களித்துக் கிடத்துங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கையில் இரும்பு கொடுப்பதால் ஒன்றும் ஆகாது. 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 1990க்கு அழையுங்கள். மருந்தைத் தாமாக நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் மோசமானது.

சக்கர நாற்காலியும் ‘குணமாக்கும்’ வைத்தியமும்

மேடை போட்டு, மாலை போட்டு, படம் எடுத்து, ஆறு வயதுப் பிள்ளைக்குப் பெரியவர்கள் இருக்கும் அளவில் ஒரு சக்கர நாற்காலி கொடுப்பார்கள். அதில் பிள்ளை ஒரு பக்கம் சரிந்து, முதுகு வளைந்து, கால் தொங்கக் கிடக்கும். இது உதவியே இல்லை. முதுகுக் கூனலும் இடுப்பு விலகலும் இப்படித்தான் வேகம் பிடிக்கின்றன. கொடுக்க விரும்புகிறவர்கள் முதலில் இயன்மருத்துவரைக் கொண்டு அளவெடுப்பியுங்கள். பிள்ளை வளரும்போது நாற்காலியும் மாறவேண்டும். கிறவல் ரோட்டிலும் கடற்கரை மணலிலும் சின்னச் சில்லு புதையும் என்பதையும் யோசியுங்கள். படம் எடுக்காமல் கொடுத்தால் இன்னும் நல்லது.

பணம் பறிபோகும் இன்னொரு வழி ‘முழுக்கக் குணமாக்கித் தருகிறோம்’ என்று வரும் விளம்பரங்கள். ஸ்டெம் செல் ஊசி, அழுத்தமான ஒட்சிசன் அறை என்று பல பேரில் வருகின்றன. மூளையின் சேதமான பகுதியைப் பழையபடி ஆக்கும் நிரூபிக்கப்பட்ட வைத்தியம் இன்றுவரை இல்லை. விறைப்பைக் குறைக்கும் மருந்தும் ஊசியும் உண்டு, தசையை நீட்டும் சத்திரசிகிச்சை உண்டு, பாதத்தைத் தாங்கும் ஸ்பிளின்ட் உண்டு. இவை எல்லாமே வரம்பு வேலை. காணியை விற்கச் சொல்லும் எந்த வைத்தியத்தையும் விற்பதற்கு முன் உங்கள் பிள்ளை நல வைத்தியரிடம் ஒரு தடவை கேளுங்கள்.

முதலில் எங்கே போவது?

“தகப்பனும் பிந்தித்தான் நடந்தவர்” என்ற வார்த்தை எத்தனையோ பிள்ளைகளின் முதல் வருடத்தைத் தின்றிருக்கிறது. 4 மாதம் தாண்டியும் தலை நிற்கவில்லை, கை எப்போதும் பொத்தியே இருக்கிறது, 9 மாதமாகியும் உட்காரவில்லை, ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பாவிக்கிறது, தூக்கி நிறுத்தினால் கால் பின்னுகிறது என்றால் காட்டவேண்டும். ஒரு வயதுக்குள் ஒரு கைப்பழக்கம் வருவதைக் கெட்டித்தனம் என்று பலர் மெச்சுகிறார்கள். மற்றக் கையில் பலவீனம் இருக்கலாம் என்பதற்கான அறிகுறி அது. இரண்டு மாதம் முந்திப் பிறந்த பிள்ளைக்கு வயதில் இரண்டு மாதத்தைக் கழித்துவிட்டுப் பாருங்கள்.

கிளினிக் கொப்பி என்று நாம் சொல்லும் பிள்ளை சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில் தடுப்பூசிப் பக்கம் மட்டுமில்லை, எந்த வயதில் என்ன செய்யவேண்டும் என்ற பக்கமும் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு உங்கள் மிட்வைஃப் மிஸ்ஸிடம் போங்கள். அவர் சுகாதார வைத்திய அதிகாரியிடமும், அங்கிருந்து பிள்ளை நல வைத்தியரிடமும் அனுப்புவார். பெயர் வைத்து உறுதிப்படுத்தும் வரை பயிற்சிக்குக் காத்திருக்கத் தேவையில்லை. சின்ன வயதில் மூளை புதுப் பாதை பழகும் திறன் கூட.

கொடுப்பனவு, உபகரணம் போன்றவற்றுக்குப் பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தரிடம் போகவேண்டும். கிராம உத்தியோகத்தரின் உறுதிக்கடிதமும் வைத்திய அறிக்கையும் கேட்பார்கள். எல்லாவற்றிலும் போட்டோகொப்பி எடுத்து ஒரு கோவையில் போட்டு வையுங்கள். ஒவ்வொரு மேசையிலும் முதலிலிருந்து கதை சொல்லும் களைப்பு பாதியாகக் குறையும்.

வீட்டுக்குள்

நம் பக்கத்தில் ஒரு வசதி இருக்கிறது. வீடு பெண்பிள்ளைக்குப் போவதால் தாயின் தாயும் சகோதரிகளும் பெரும்பாலும் அதே வளவிலோ அடுத்த வளவிலோ இருப்பார்கள். தகப்பன் கட்டாரில் இருந்தாலும் கைக்கு ஆள் உண்டு. ஆனால் அந்தக் கைகள் சமையலுக்கு வருகிற மாதிரிப் பிள்ளையைத் தூக்க வருவதில்லை. “எனக்குப் பயமாக இருக்கு, ஏதும் ஆகிவிடும்” என்பார்கள். சின்னம்மா ஒருத்தி தூக்கவும் ஊட்டவும் பழகிவிட்டால், தாய் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்வரலாம், முதுகை நிமிர்த்தித் தூங்கலாம். பாரம் தூக்கித் தூக்கி முதுகுவலியோடு இருக்கும் தாய்மாருக்கும் இயன்மருத்துவரிடம் காட்டும் உரிமை உண்டு. கூடப்பிறந்தவர்களையும் பாருங்கள். அக்கா என்பதற்காக ஒரு பெண்பிள்ளை பாதித் தாயாகிவிடுகிறாள்.

பள்ளிக்கூடம்

இயலாமையுடையோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுக்கக்கூடாது என்கிறது. பொதுக் கட்டடங்களில் எல்லோரும் ஏறி இறங்க வசதி வேண்டும் என்று ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. கட்டாயக் கல்வி வயது 2016இலிருந்து 5 முதல் 16 வரை. இது இந்தப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். இயலாமையுடையோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தையும் அதே 2016இல் இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது.

சட்டம் கேற் வரைக்கும் கொண்டுபோய் விடும். உள்ளே நடப்பதுதான் உட்படுத்தல் கல்வி: எல்லாப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில், அவரவருக்கு வேண்டிய மாற்றத்தோடு படிப்பது. இடாப்பில் பேர் இருக்கிறது, பின் வாங்கில் பிள்ளை இருக்கிறது, ஆசிரியர் கண் அங்கே போவதில்லை என்றால் அதற்கு இந்தப் பேர் பொருந்தாது. அதற்காக ஆசிரியரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. இதற்குப் பயிற்சி பெறாத ஒருவரிடம் நிறைந்த வகுப்பைக் கொடுத்துவிட்டு எல்லாம் அவர் பாடு என்று விடுகிறோம். விசேட கல்விப் பிரிவு உள்ள பாடசாலைகளும் இருக்கின்றன. சில பிள்ளைகளுக்கு அது பொருத்தம். ஆனால் கால் நடக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக, கணக்கு நன்றாகச் செய்யும் பிள்ளையை அங்கே அனுப்புவது பிழை.

கேட்கவேண்டியவை பெரும்பாலும் சின்ன விசயங்கள். வகுப்பைக் கீழ்மாடிக்கு மாற்றுவது, வாசற்படிக்குச் சீமெந்தில் ஒரு சாய்வு, பாதம் பதியும் கதிரை, மலசலகூடத்தில் பிடித்து எழும்ப ஒரு குழாய். பெண்பிள்ளைகள் ஏழாம் எட்டாம் வகுப்போடு நின்றுபோக அந்த மலசலகூடம் ஒரு பெரிய காரணம். எழுதக் கை ஓடாத பிள்ளையிடம் வாயால் கேட்கலாம், அல்லது நாலு விடை கொடுத்துக் காட்டச் சொல்லலாம். பக்கத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு அவனால் ஏன் கையை உடனே நீட்டமுடியவில்லை என்று ஆசிரியர் ஒரு தடவை நேராகச் சொல்லிவிட்டால், மிச்சத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். கிரிக்கெட்டில் ஸ்கோர் எழுதுகிறவனாகவோ அம்பயராகவோ அவனைச் சேர்த்துக்கொள்ளும் வழி பெரியவர்களை விடப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

பரீட்சைக்கு மேலதிக நேரமும், சொல்லச் சொல்ல எழுதுபவரும் கேட்கலாம். பரீட்சைத் திணைக்களம் இதற்கு அனுமதி கொடுக்கிறது. ஆனால் விண்ணப்பம் அதிபர் ஊடாக, வைத்திய அறிக்கையோடு, முன்கூட்டியே போகவேண்டும். மண்டபத்துக்கு வந்த அன்று கேட்டால் கிடைக்காது. பரீட்சை வருடம் தொடங்கும்போதே அதிபரிடம் எழுத்தில் கொடுத்து ஒரு பிரதியை வைத்திருங்கள். பதில் வராவிட்டால் வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரை அந்தப் பிரதியோடு போய்ப் பாருங்கள்.